அதிகம் ஓடிய பிக்கப் வண்டியில் தீராத அதிர்வு: காரணத்தைக் கண்டறியும் வழி

ஒருவர் தம் வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிக்கப் வண்டி. மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் இருக்கையிலும் தரையிலும் அதிர்வு தொடங்கி 110 வரை நீடிக்கிறது. ஸ்டியரிங்கில் அவ்வளவாகத் தெரிவதில்லை. நான்கு டயர்களையும் மாற்றி, இருமுறை வீல் பேலன்சிங் செய்து, பின்புற ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிய பிறகும் அது போகவில்லை. பின்னால் சுமை ஏற்றினால் மட்டும் சற்றுக் குறைகிறது. கேள்வியில் சொல்லப்பட்டிருக்கும் செய்தி இவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய விவரிப்புக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. குறிப்பாகக் கடைசி வாக்கியம் மிக முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள்: இனி ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள். அதிர்வு என்பது சுழலும் ஏதோ ஒன்றின் வேகத்தோடு கட்டுண்டது. அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த வேகத்தில் வண்டியில் எது சுழல்கிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்த எண் தெரியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதால்தான் பலருக்குப் பணமும் போய், அதிர்வும் மிஞ்சுகிறது.

சோதனை ஓட்டத்திலிருந்து தொடங்குவோம். நேரான, ஆளில்லாத, மேற்பரப்பு சீரான சாலையில் அதிர்வு நன்றாகத் தெரியும் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுசென்று, அங்கே கியரை நியூட்ரலுக்கு மாற்றி அப்படியே உருளவிடுங்கள். எஞ்சினை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். எஞ்சின் சுற்று ஐடில் நிலைக்கு இறங்கிய பிறகும் அதிர்வு அப்படியே இருந்தால், எஞ்சின், கிளட்ச், டார்க் கன்வர்ட்டர் (தானியங்கி கியர் வண்டியில் கிளட்ச்சின் இடத்தில் இருப்பது) ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நின்றுபோனால் அவசரப்பட்டு எஞ்சின்மேல் பழிபோட வேண்டாம். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். சாலை வேகம் மாறாமல் எஞ்சின் சுற்று மட்டும் கூடும்போது அதிர்வின் தன்மையும் மாறினால் அது எஞ்சின் பக்கத்துக் கோளாறு. மாறாமல் இருந்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வலுத்து, காலை எடுத்ததும் தணிந்தால், அது முறுக்குவிசை கடந்து செல்லும் இணைப்புகளின் கோளாறு. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட குழாய்தான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதை மடங்கவிடும் மூட்டான யூ-ஜாயிண்ட், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், பின் அச்சில் அது இணையும் பல்சக்கரமான பினியனின் கோணம், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங் ஆகியவை அந்த வரிசையில் வரும். மிதித்தாலும் விட்டாலும் நியூட்ரலிலும் ஒன்றுபோலவே இருந்தால், சுழலும் ஒரு பொருளில் எடைச் சமநிலையோ வட்டமோ கெட்டிருக்கிறது என்று பொருள். நியூட்ரலில் உருளும்போது ஷாஃப்ட் நின்றுவிடுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே இந்தச் சோதனை ஷாஃப்டைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 265/70 ஆர் 16 அளவுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.4 மீட்டர் உருள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 11.6 முறை சுற்றுகிறது. பின் அச்சின் கியர் விகிதம் 4.1 என்றால், அதே வேகத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 47 அல்லது 48 முறை சுற்றும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.83 என்றால் எஞ்சின் நொடிக்கு ஏறத்தாழ 40 முறை, அதாவது நிமிடத்துக்கு 2,400 சுற்று அளவில் ஓடும். உங்கள் டயரின் அளவையும் அச்சின் விகிதத்தையும் இட்டு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையுள்ள, அதாவது நொடிக்கு 10 முதல் 15 முறை வரும் அதிர்வை உடல் ஒரு குலுக்கலாக உணரும். கோப்பையிலுள்ள தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி ஆடும். 40 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அது குலுக்கலாகத் தெரியாது. தரையிலும் இருக்கையின் அடியிலும் ஓர் இரைச்சல் கலந்த துடிப்பாக, காதுக்கும் காலுக்கும் ஒருசேரத் தெரியும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கவனித்து உணர்ந்துவிட்டால், கருவி இல்லாமலேயே டயரையும் ஷாஃப்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

கருவியும் கைவசம்தான் இருக்கிறது. கைபேசியில் உள்ள முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண் வரைபடம் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. கைபேசியை இருக்கைகளுக்கு இடையே உள்ள உறுதியான பகுதியில் அசையாதபடி ஒட்டி, உடன் வருபவரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது. நொடிக்கு 100 முறை அளவெடுக்கும் கைபேசியால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாகக் காட்ட முடியும். அதற்கு மேலுள்ளவை மடங்கிப் பொய்யான ஒரு தாழ்ந்த எண்ணாகத் தெரியும். ஆகவே அதிர்வு தொடங்கும் வேகத்துக்குச் சற்று மேலே, 90 முதல் 95 கிலோமீட்டருக்குள் வைத்து அளப்பது நல்லது. 90 கிலோமீட்டரில் நம் எடுத்துக்காட்டு வண்டியின் ஷாஃப்ட் 43 ஹெர்ட்ஸ் அருகில் நிற்கும். அது எல்லைக்குள் வந்துவிடுகிறது.

டயர்களைத்தான் மாற்றியாகிவிட்டதே என்று அவற்றை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாது. பேலன்சிங் இயந்திரம் எடையின் சமநிலையை மட்டும்தான் பார்க்கிறது. ரிம் வளைந்திருந்தாலும், டயர் முழு வட்டமாக இல்லாவிட்டாலும், அதன் சுவரில் ஓரிடம் மற்ற இடங்களைவிட விறைப்பாக இருந்தாலும், எடை கச்சிதமாகச் சமன்செய்யப்பட்ட அந்தச் சக்கரம் சாலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வண்டியைத் தூக்கிப்போடும். சுமை கொடுத்து உருட்டிச் சோதிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடைகளில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அது கிடைக்காவிட்டால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு அருகே ஒரு நிலையான முனையை வைத்துக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். ஏற்ற இறக்கம் ஒன்றரை மில்லிமீட்டரை நெருங்கினால் சந்தேகப்படலாம். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறு, ஹப்பின் முகத்தில் படிந்த துரு, ஹப்பின் மையத்தில் சரியாக உட்காராத வேறு வண்டியின் ரிம் ஆகியவையும் இதே விளைவைத் தரும். எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு: முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். அதிர்வு இருக்கையிலிருந்து ஸ்டியரிங்குக்கு இடம் மாறினால் குற்றவாளி சக்கரம்தான். இம்மியும் மாறாவிட்டால் சக்கரங்களை மறந்துவிடலாம்.

சக்கரக் கோளாறுகள் 90க்கும் 110க்கும் இடையே வந்து நிற்பதற்கும் காரணம் உண்டு. சக்கரமும் அச்சும் சேர்ந்த தொகுப்புக்கு, டயரின் நெகிழ்வின்மேல் துள்ளும் ஓர் இயல்பான அதிர்வெண் இருக்கிறது. அது பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. சக்கரத்தின் சுழற்சி அதைத் தொடும் வேகம்தான் இந்த வேகம். அதைத் தாண்டினால் குலுக்கல் குறைவதும் அதனால்தான். எனவே வேக எல்லையை மட்டும் வைத்து டயர் என்றோ ஷாஃப்ட் என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. அதிர்வெண்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் கடைசி வாக்கியம். சுமை ஏற்றினால் அதிர்வு குறைகிறது என்றால், பின்புறம் தாழ்கிறது, பட்டை ஸ்பிரிங் நிமிர்கிறது, டிஃபரென்ஷியலின் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியின்) பினியன் நோக்கும் திசை மாறுகிறது, ஷாஃப்டின் சாய்வும் மாறுகிறது. டயரின் எடைக் குறைபாடு சுமையால் இப்படிக் குறைய எனக்குத் தெரிந்து வலுவான காரணம் இல்லை. இருக்கையில் தெரிந்து ஸ்டியரிங்கில் தெரியாமல் இருப்பதும் பின்பக்கத்தையே காட்டுகிறது. ஆகவே என் முதல் சந்தேகம் ஷாஃப்டின் மேலும் அதன் கோணங்களின் மேலும்தான்.

ஷாஃப்ட் எவ்வளவு சிறிய குறைக்கும் எவ்வளவு பெரிதாக எதிர்வினை காட்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் ரிம்மில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 32 நியூட்டன் விசையோடு, அதாவது 3 கிலோ எடைக்குச் சற்று அதிகமான விசையோடு இழுக்கும். அதே 30 கிராம் ஷாஃப்டின் குழாயில், மையத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் இருந்தால், ஆரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தும், விசை 100 நியூட்டனைத் தாண்டிவிடுகிறது. விசை சுழற்சி வேகத்தின் இருமடியோடு வளர்வதுதான் காரணம். ஷாஃப்டில் பற்றவைத்திருந்த சிறு பேலன்ஸ் எடை உதிர்ந்துபோனாலோ, கல் பட்டுக் குழாய் நசுங்கினாலோ, கழற்றியபோது அடையாளமிடாமல் மாற்றிப் பூட்டினாலோ இவ்வளவு தொல்லை வருவதற்கு இதுவே அடிப்படை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சை அதன் அடியிலேயே உறுதியான தாங்கிகளின்மேல் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். பிறகு முறுக்கிப் பாருங்கள். யூ-ஜாயிண்டின் கிண்ணங்களைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளேயுள்ள ஊசி போன்ற சிறு உருளைகள் கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கின்றன. ஆட்டம் தெரியவில்லை என்பதற்காக ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பல லட்சம் கிலோமீட்டர் ஒரே கோணத்தில் ஓடிய ஜாயிண்டில் அந்த ஊசிகள் ஜாயிண்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டின் முகத்தில் பள்ளம் பதித்திருக்கும். ஷாஃப்டைக் கழற்றிக் கையில் பிடித்து மடக்கும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டுப்பட்டு நிற்கும். அப்படிப்பட்ட ஜாயிண்ட் வண்டியில் பூட்டியிருக்கும்போது இறுக்கமாகவே தெரியும். அதிர்வையோ விடாமல் தந்துகொண்டிருக்கும். கழற்றிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கழற்றும் முன் இரு முனைகளிலும் ஃபிளேஞ்சுகளின்மேல் (போல்ட் போட்டுப் பூட்டும் இணைப்புத் தட்டுகளின்மேல்) நேர்க்கோடாக அடையாளம் இட மறக்காதீர்கள்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரைக் கவனியுங்கள். அது கிழிந்திருந்தால் முதலில் தெரிவது அதிவேக அதிர்வாக இருக்காது; நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது 10 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தட்டுவதுபோன்ற ஒரு நடுக்கம் வரும். ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம்தரும் வழுக்கும் பற்களில் தேய்மானம் இருந்தால் ஷாஃப்டின் மையமே விலகிவிடும். ஜாயிண்டை மாற்றும்போது இரண்டு முனைகளின் கவைகளும் (ஜாயிண்டைப் பிடித்திருக்கும் கவட்டை வடிவப் பாகங்களும்) தயாரிப்பாளர் அமைத்தபடி ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பற்களில் ஓர் இடம் தள்ளிச் செருகினாலே ஒன்றின் சீரின்மையை மற்றொன்று ஈடுசெய்வது கெட்டுப்போகும்.

கோணத்தின் கதை இதுதான். சாய்ந்து நிற்கும் யூ-ஜாயிண்ட் ஒன்று, உள்ளே சீரான வேகம் வந்தாலும் வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடியும் குறைந்தும்தான் தரும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இதை ஆராய்ந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 3 டிகிரிச் சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான், 10 டிகிரியில் அது 1.5 சதவீதமாகிவிடுகிறது. மறுமுனையிலுள்ள ஜாயிண்ட் அதே கோணத்தில் எதிராக அமைந்தால்தான் இது ஈடாகும். பொதுவாக இரு கோணங்களுக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாமலும், ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள்ளும், ஊசிகள் உருள்வதற்காகக் குறைந்தது அரை டிகிரியாவது இருக்கும்படியும் பார்த்துக்கொள்வது நல்லது. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே முடிவு. கியர்பாக்ஸின் முகம், ஷாஃப்டின் குழாய், பினியன் ஃபிளேஞ்ச் மூன்றையும் ஒரு சாய்வுமானியால் அளந்து கழித்துப் பார்த்தால் போதும். அளக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின்மேலோ அச்சின்மேலோ இருக்க வேண்டும். சேசிஸைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அதிகம் ஓடிய வண்டியில் இந்தக் கோணம் தானாகவே மாறும். பட்டைகள் அழுந்தித் தாழ்ந்திருக்கும். சுமைக்காகக் கூடுதல் பட்டை சேர்த்து உயர்த்தியிருப்பார்கள். ஸ்பிரிங் புஷ்கள் தேய்ந்து அச்சு முன்பின் நகரும். கியர்பாக்ஸ் மவுண்டிங் அழுந்தி அதன் வால்பகுதி இறங்கியிருக்கும். அச்சைப் பட்டைகளோடு கட்டும் யூ-போல்ட்டுகள் தளர்ந்து, பட்டைகளின் நடுபோல்ட் முறிந்திருந்தால் அச்சே விலகி நிற்கும். இவ்வளவு ஓடிய வண்டியில் கியர்பாக்ஸ் மவுண்டிங்கைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். விலை குறைவு, மாற்றுவதும் எளிது, ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

இங்கே ரப்பரைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். பிக்கப் வண்டியில் கேபின் சேசிஸின்மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. புதிய வண்டியிலும் ஷாஃப்ட் சற்று அதிரத்தான் செய்கிறது. அதை இந்த ரப்பர்கள் விழுங்கிவிடுகின்றன. ஆண்டுகள் கடந்து அவை கெட்டித்துப்போன பிறகு, முன்பு தெரியாமல் இருந்த அதே அளவு அதிர்வு இருக்கைக்கு வந்து சேர்கிறது. ஆகவே இத்தகைய வண்டிகளில் மூலம் ஒன்று, அது பயணிக்கும் வழி இன்னொன்று என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும். சைலன்சர் குழாய் தொங்கி சேசிஸைத் தொட்டுக்கொண்டிருப்பதும் இதே வகைதான். கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் அறிகுறிகள் அவற்றோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் அதிர்வு டிஸ்க்கின் தடிமன் வேறுபாட்டால் வருவது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே கைக்குத் தெரியும். தானியங்கி கியர் வண்டியில் 60 முதல் 80 கிலோமீட்டரில், லேசாக மிதித்திருக்கும்போது வரும் குறுகிய நடுக்கம் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு கிளட்ச் வழுக்குவதாக இருக்கலாம். வலதுகாலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடதுகாலால் பிரேக் மிதியைத் தொட்டால் பல வண்டிகளில் பூட்டு விடுபடும், நடுக்கமும் நின்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால், முன் ஷாஃப்ட் இரு முனையிலும் ஃபிளேஞ்சால் பூட்டப்பட்டு, தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வகையாக இருக்கும் பட்சத்தில், அதைக் கழற்றிவிட்டு இருசக்கர இயக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. வீல் பேரிங் என்றால் வளைவில் ஓசை மாறும். இடப்பக்கம் திரும்பும்போது சுமை வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சில நிலைகளில் சோதனைக்காகக்கூட ஓட்டக் கூடாது. டயரில் ஓரிடம் வீங்கியிருந்தாலோ, சக்கர நட்டுகள் தளர்ந்திருந்தாலோ, யூ-ஜாயிண்டில் கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலோ வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முன்பக்கம் ஜாயிண்ட் முறிந்தால் ஷாஃப்டின் முனை தரையில் விழுந்து சாலையில் குத்திக்கொள்ளும். வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து எஞ்சினால் வேகமாகச் சுழற்றிப் பார்ப்பதும் ஆபத்து. அதிலும் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், டிஃபரென்ஷியலின் இயல்பால் அது வேகமானி காட்டுவதைப்போல் இருமடங்கு வேகத்தில் சுழலும்.

உங்கள் வண்டிக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் கைபேசியால் அதிர்வெண்ணை அளந்து, சக்கரமா ஷாஃப்டா என்று உறுதி செய்யுங்கள். ஷாஃப்ட் என்று வந்தால், சேறு, உதிர்ந்த எடை, ரப்பர், மவுண்டிங், பட்டைகளின் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்வையிட்டு, வெற்று வண்டியிலும் சுமையோடும் கோணங்களை அளந்து ஒப்பிடுங்கள். வெற்று வண்டியில் கோண வேறுபாடு ஒரு டிகிரியைத் தாண்டி, சுமையேற்றியதும் குறைந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் ஆப்புத் தகட்டால் திருத்தலாம், அல்லது அழுந்திய மவுண்டிங்கை மாற்றலாம். கோணங்கள் சரியாக இருந்தால் ஷாஃப்டைக் கழற்றி ஜாயிண்டுகளை மடக்கிப் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால், பினியன் ஃபிளேஞ்சின் பக்கம் மட்டும் 180 டிகிரி திருப்பிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். அதிர்வின் அளவு குறைந்தால் ஷாஃப்டின் குறையும் ஃபிளேஞ்சின் குறையும் ஒன்றோடொன்று கூடியிருந்தன என்று தெரியும். அதன் பிறகு ஷாஃப்டை முழுதாக, இரு துண்டுகளும் சென்டர் பேரிங்கும் சேர்த்து, பேலன்சிங் செய்யும் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே வேகத்தில், அதே டயர் காற்றழுத்தத்தில் மீண்டும் அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் எண்ணில் உச்சம் தணிந்து சக்கரத்தின் எண்ணில் சிறியதாக ஒன்று மிஞ்சினால், அது இதுவரை பெரிய அதிர்வுக்குள் மறைந்திருந்த இரண்டாவது கோளாறு. அப்போது சக்கரங்களை முன்பின் மாற்றிப் போடும் சோதனைக்குத் திரும்புங்கள்.